அது கிடக்கட்டுமா?

கேள்வி: என் மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நூலகர் ‘குடும்பத்தோடு படிக்க எனக்குப் பிடித்த புத்தகங்கள்’ என்று ஒரு பட்டியல் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்தனுப்பினார். பாதிக்கு மேல் தமிழ். இவள் அதிலிருந்து ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பை எடுத்து வந்து மூன்று வாரமாக அதையே வைத்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு ஆங்கிலப் புத்தகம் முடிக்கிறார்கள். என் மாமியாருக்கு ஆறேழு மாதமாகக் கண் சரியாகத் தெரியவில்லை, ராத்திரி அவருக்கு வேறு இவள் படித்துக்காட்டுகிறாள், அது கிடக்கட்டும். பட்டியலை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியருக்கு எழுதலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன். ‘அது கிடக்கட்டும்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, முதலில் அது.

ஆறேழு மாதம்! கடிதத்தில் மற்ற பிள்ளைகளின் புத்தகக் கணக்குகூட இருக்கிறது, கண் டாக்டர் என்ற பேச்சே இல்லை. கண்புரையாக இருந்தால் அரை மணி நேர வேலை. அரசு மருத்துவமனையில் காசு வாங்காமலே லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள். கண்ணில் அழுத்தம் ஏறியிருந்தால் கதையே வேறு. போன பார்வை போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். சர்க்கரை உண்டா அவருக்கு? அதையும் எழுதவில்லை. உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அவருடைய அம்மாதானே?

மருமகள்தான் எல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிற ஆள் நானில்லை. முதல் கேள்வி மகனுக்குத்தான், இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். ஆனால் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவருக்குக் கண் தெரியாதபோது யார் முறை என்று பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியாது. வயதானால் மங்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். பத்து வயதுப் பெண் ஒருத்திதான் தன்னால் முடிந்ததைச் செய்கிறாள்.

மூன்று வாரம் ஏன் ஆகிறது என்று அந்த அறை வாசலில் ஒருநாள் நின்று பாருங்கள். மனதுக்குள் படிப்பது வேறு, வாய்விட்டுப் படிப்பது வேறு. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும். ஓடாத ரயில் பெட்டியில் பள்ளிக்கூடமா என்று பாட்டி கேட்டால் விளக்க வேண்டும். டோக்கியோவில் நிஜமாகவே இருந்த பள்ளி அது, 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. வேறு பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்பிலேயே வெளியே அனுப்பப்பட்ட சிறுமி அங்கே வந்து சேருகிறாள். முதல் நாள், அவள் பேசுவதைத் தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் கேட்கிறார். ஒரு கொட்டாவி விடவில்லை. உங்கள் மாமியாரின் பேச்சைக் கடைசியாக நீங்கள் பத்து நிமிடம் கேட்டது எப்போது?

சரி, பட்டியல். ‘குடும்பத்தோடு படிக்க’ என்று அந்த நூலகர் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டீர்கள். சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு புத்தகம் உங்கள் வீட்டில் இரண்டு வாசகர்களைப் பிடித்திருக்கிறது. எந்த நூலகருக்கும் இதைவிட நல்ல சேதி கிடையாது, நீங்கள் அதைப் புகாராக எழுதக் கிளம்பியிருக்கிறீர்கள். தலைமையாசிரியருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். புத்தகத்தை இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று நூலகரிடம் கேட்டு நாலு வரி எழுதுங்கள், போதும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று யார் சொன்னது? இதே புத்தகம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் முடித்ததும் அதை வாங்கிக் கொடுங்கள். கதை தெரிந்திருந்தால் தெரியாத சொல் அவ்வளவாகத் தடுக்காது.

இந்த வாரமே ஒருநாள் விடுப்பு போட்டுவிட்டு மாமியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், வீட்டுக்காரர் வந்தால் இன்னும் நல்லது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியட்டும் என்று ரொம்ப நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பையில் அந்தப் புத்தகத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். மகளுக்குப் பள்ளி இருக்கும், அதனால் அன்றைக்குப் படித்துக்காட்ட வேண்டியது நீங்கள்தான். நேற்று எங்கே விட்டார்கள் என்பதை மாமியாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.