ஹோல்டரில் உள்ள பி, ஜே, பி முத்திரை: ஜெர்மன் படுக்கை விளக்கைச் செய்தது யார்?

நீங்கள் வாங்கிய பழைய ஜெர்மன் படுக்கை விளக்கின் பல்பு ஹோல்டரில் உள்ள பி, ஜே, பி என்ற மூன்று எழுத்தும் ஹோல்டர் கம்பெனியின் முத்திரை, விளக்கைச் செய்தவருடையது இல்லை. ஜெர்மனியின் நெஹைம் ஊரைச் சேர்ந்த ப்ரோக்கெல்மன், யேகர், புஸ்ஸே நிறுவனம் அது. பக்கத்தில் உள்ள முக்கோண வி.டி.இ. (ஜெர்மன் மின்பொறியியல் சங்கம்) குறி பாதுகாப்புச் சோதனைக்கானது.

விற்றவர் இதை நெஹைமின் விளக்குக் கம்பெனியான "கைசர்" செய்தது என்று சொன்னது ஊரை வைத்தாக இருக்கலாம். ஆனால் ஹில்லெப்ராண்ட், கோசாக் என்ற விளக்குக் கம்பெனிகள் இரண்டும் அதே நெஹைம்தான். கைசரா என்று அறிய இரண்டு இடங்களைப் பாருங்கள்.

1. விளக்கின் குடையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டெல் கைசருக்காக வடிவமைத்த வரிசை என்றால் "ஒரிஜினல் கைசர் ஐடெல்" என்று பொறித்திருக்கும்.

2. அடித்தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் நெஹைம்-ஹூஸ்டென் (Neheim-Hüsten) என்றிருந்தால் பெரும்பாலும் 1975-க்கு முந்தையது. அந்த ஆண்டு அவ்வூர் ஆர்ன்ஸ்பெர்க் நகரோடு இணைந்தது.

இரண்டும் இல்லாவிட்டாலும் கைசர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஸ்டிக்கர் உதிர்ந்திருக்கலாம்.

தயவுசெய்து இப்போதைக்கு பிளக்கில் செருக வேண்டாம். 1960-களின் நடுப்பகுதி வரை ஜெர்மனியில் சிவப்பு வயர்தான் எர்த். நம்மூர் எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் அதை ஃபேஸில் கொடுத்தால் உலோக உடம்பு முழுக்க கரண்ட் பாயும். பழைய ரப்பர் உறையும் தொட்டாலே பொடியும். எர்த்தோடு புது மூன்று கோர் வயர் போட்டுவிட்டு எரியவிடுங்கள்.