புகார் சொன்னால் விசா போய்விடுமா?

கேள்வி: என் மகள் முதுகலை முடித்துவிட்டு, ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓராண்டுத் தன்னார்வத் தொண்டுக்குச் சென்றிருக்கிறாள். இரவுப் பணியிலுள்ள ஊழியர் ஒருவர், எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவரை அதட்டி, கையை முறுக்கிப் படுக்க வைத்ததைப் பார்த்ததாகப் போனில் அழுதாள். தங்கும் அறை, கைச்செலவுப் பணம், விசா எல்லாமே அந்த இல்லத்தைச் சார்ந்தவை. "நமக்கு எதற்கு வம்பு, வாயை மூடிக்கொண்டு வருஷத்தை ஓட்டு" என்கிறார் அவள் அப்பா. அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, ஆதம்பாக்கம், சென்னை

பதில்: பெற்ற தகப்பனின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அவர் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெரியவரால் நடந்ததைத் தம் பிள்ளைகளிடம்கூட எடுத்துச் சொல்ல முடியாமல் இருக்கலாம். பார்த்தவர் உங்கள் மகள்.

புகார் சொல்பவர் சம்பளம் வாங்காதவராக இருந்தால், பழிவாங்கலிலிருந்து அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பது பல நாடுகளில் சிக்கலான கேள்வி. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவரையே காப்பதால், தன்னார்வலர் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பிறப்பித்த உத்தரவோ, தன்னார்வலர்களையும் ஊதியமில்லாப் பயிற்சியாளர்களையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. அதையொட்டி ஜெர்மனியில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், தண்டனைக்குரிய குற்றங்கள் பற்றிய புகார்களுக்கும் பொருந்தும். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தனக்குள்ளேயே புகார்ப் பிரிவு ஒன்றை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 7 நாட்களுக்குள் உறுதி செய்து, 3 மாதங்களுக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். உள்ளே நம்பிக்கை இல்லையென்றால், பான் நகரிலுள்ள கூட்டாட்சி நீதி அலுவலகத்தின் புகார்ப் பிரிவை நேரடியாகவே அணுகலாம். முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பும் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது பெயர் கசிவதுதான். வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான அமைதிப் படையின் (Peace Corps) தொண்டராக, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருந்த கேட் பூஸி, படைக்காக வேலை செய்த உள்ளூர்க்காரர் ஒருவர் மாணவிகளிடம் தகாத முறையில் நடப்பதாகத் தலைமையகத்துக்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 2009 மார்ச்சில் தம் வீட்டு வாசலில் அவர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். புகாரின் ரகசியம் காக்கப்படவில்லை என்று குடும்பத்தார் போராடினார்கள். 2011 நவம்பரில் அவர் பெயரிலேயே அமெரிக்காவில் தொண்டர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 24 வயதுப் பெண்ணின் உயிரைக் கொடுத்து வாங்கிய சட்டம் அது.

ஆகவே உங்கள் மகள் சக ஊழியர்களிடம் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். பார்த்ததைத் தேதி, நேரம், அறை எண்ணோடு தம் நோட்டில் தமிழிலேயே எழுதி வைக்கட்டும். பெரியவரைப் படம் எடுக்கவே கூடாது. அது உங்கள் மகளையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். யாருக்குப் புகார் அனுப்பினாலும், தம் பெயரை யார் யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறட்டும். தம்மை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்த அமைப்புக்கு, வேறு இல்லத்துக்கு மாற்றச் சொல்லித் தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதி, அதன் நகலை உங்களுக்கும் அனுப்பட்டும். பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்த முறை அவர் போனில் பேசும்போது, அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும்.