பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலில் வீலை உருட்டினால் பட்டியல் நகராமல் சத்தம் மாறுவது ஏன்?

மவுஸ் கெட்டுப்போகவில்லை. லினக்ஸில் செயலிகள், ஒலிக் கருவிகளின் சத்தத்தை ஸ்லைடரால் மாற்றும் இந்த நிரல், ஜிடிகே (ஜன்னல், பட்டன், ஸ்லைடர் வரையும் கருவித்தொகுப்பு) கொண்டு எழுதப்பட்டது. ஜிடிகே நிரல்களில், கர்சர் எதன்மேல் நிற்கிறதோ அதற்குத்தான் வீல் அசைவு முதலில் போகும். பட்டியலில் உள்ள ஒரு செயலியின் பெயரின் மேல் கர்சரை வைத்து உருட்டத் தொடங்கினால் பட்டியல் நகரும். நகர நகர, ஏதோ ஒரு ஸ்லைடர் கர்சருக்கு அடியில் வந்து நிற்கும். அடுத்த உருட்டலை அது வாங்கிக்கொள்ளும், பட்டியல் அப்படியே நின்றுவிடும்.

எனவே வலது ஓரத்து ஸ்க்ரோல்பாரின் மேல் கர்சரை வைத்து உருட்டுங்கள். ஜன்னலை உயரமாக இழுத்துவிட்டால் உருட்டும் தேவையே குறையும். ஹெட்போன் மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். இந்த ஸ்லைடர் 100%-இல் நிற்பதில்லை. 153% வரை ஏறும், அதாவது 11 டெசிபல் கூடுதல். காதுக்கு அது நல்லதல்ல.