கிணறு கெட்டது பதினாலு வீட்டுக்கு, வழக்கு எந்த கோர்ட்டில்?

கேள்வி: எங்கள் தெருவில் பதினாலு வீட்டுக் கிணறுகளிலும் இரண்டு வருடமாகத் தண்ணீர் சிவந்து வருகிறது. பக்கத்துச் சாயப்பட்டறை ராத்திரியில் கழிவுநீரைத் திறந்து விடுகிறது. எல்லோரும் சேர்ந்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடலாமா?

பதில்: வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். ஊருக்கே பொதுவான தொல்லை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 91-ம் பிரிவின்படி இரண்டு பேர் கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடலாம், தங்களுக்குத் தனியாக நஷ்டம் வந்தது என்று காட்டக்கூட வேண்டாம். பொதுப்பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்தால் இன்றைக்கும் அந்த வழி சரி. தண்ணீர் மாசு அப்படியில்லை. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய இழப்பீட்டு விஷயத்தை சிவில் கோர்ட் தொடக்கூடாது என்று அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010-ம் வருடச் சட்டத்தின் 29-ம் பிரிவு சொல்கிறது, 1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதன் அட்டவணையில் முதலாவதாகவே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாக இதைத்தான் எடுத்துப் போடுவார்.

ஆகவே சென்னையில் இருக்கும் அந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போங்கள். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. அதே 2010 சட்டத்தின் 14-ம் பிரிவில் மனுப் போட்டால் பிரச்சினை 'முதலில்' எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். கழிவு தினமும் வருகிறதே, தினமும் புதுக் காரணம்தானே என்று வாதாடினால் அந்த 'முதலில்' என்ற ஒரு வார்த்தை வந்து இடிக்கும். உங்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆனால் 15-ம் பிரிவில் இழப்பீடும் கிணறுகளைச் சீர்செய்வதும் கேட்க அந்த முதல் நாளிலிருந்து ஐந்து வருடம் இருக்கிறது, மனுவை அதில் எழுதச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி இப்போதே பேசிக்கொள்ளுங்கள், தீர்ப்பு வந்தபிறகு தெருவுக்குள் சண்டை வேண்டாம். பயிர், மாடு, வைத்தியச் செலவு என்று தனித்தனி நஷ்டம் அந்தந்த வீட்டுக்கு. நிலத்தடி நீர் கெட்டதற்கென்று விதிக்கும் தொகை உங்கள் கைக்கு வராது, சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குப் போய்விடும். கேட்கும் இழப்பீட்டில் நூற்றுக்கு ஒன்று கட்டணம், அதனால் சும்மா ஐம்பது லட்சம் என்று எழுதினால் ஐம்பதாயிரம் கட்டவேண்டி வரும், ரசீது இருக்கிற அளவுக்கு எழுதுங்கள்.

அப்புறம், சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இந்த வாரமே எழுத்தில் புகார் கொடுத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பட்டறைக்கு மேட்டுப் பக்கம், அதன் கழிவு ஓடி வராத இடத்தில் இருக்கும், கெடாத ஒரு கிணற்றிலும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு இல்லையென்றால் 'இந்த ஊர்த் தண்ணீரே இப்படித்தான்' என்று பட்டறைக்காரர் தப்பிக்கப் பார்ப்பார்.