முதல் சம்பளம் யார் கைக்குப் போனது?

கேள்வி: படிவம் 4 படிக்கும் என் மகள், பொருளாதாரத் தேவை சமுதாயத்தை எப்படி மாற்றியது என்று சொந்தக் குடும்பத்தை வைத்து எழுத வேண்டும். என் அம்மா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1974இல் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போனார். கேட்டால், "என்னத்தச் சொல்ல, போனோம், வந்தோம்" என்கிறார். எப்படிப் பேச வைப்பது? - வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, "சமுதாயம் எப்படி மாறியது?" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். சம்பளத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, யார் கையில் கொடுத்தார், தனக்கென்று என்ன வாங்கிக்கொண்டார்?

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆளெண்ணிப் பெயர் கூப்பிடுவது. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஆணும் பெண்ணும் பால் வெட்டப் போவார்கள். 1920களின் கடைசியில் மலாயாவில் பல இடங்களில் நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். பெண்கள் அங்கேயும் உழைத்தார்கள்தான். ஆனால் வேலை, வீடு, கோயில் எல்லாம் ஒரே எல்லைக்குள். அப்பா, மாமன் கண்ணுக்கு எட்டாத இடமே கிடையாது.

அப்புறம், 1960களின் கடைசியில் பினாங்கு வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கழுத்தை நெரித்தது. அதற்கு வழி தேடித்தான், லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்தபோது, 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. அங்கே வந்த இன்டெல் போன்ற மின்னணுக் கம்பெனிகளுக்குக் குறைந்த சம்பளத்தில் இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். உங்கள் அம்மா தோட்டத்தை விட்டு வெளியே வந்தது இப்படித்தான்.

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறந்தது 1985இல். அப்படியென்றால் அம்மா பெர்ரியில் கடந்திருப்பார், இல்லாவிட்டால் தீவிலேயே நாலைந்து பெண்களோடு அறை எடுத்திருப்பார். யாரோடு? மலாய், சீனப் பெண்களும் இருந்தார்களா? இரவு ஷிப்டுக்கு வீட்டில் யார் சம்மதித்தார்கள், யார் சண்டை போட்டார்கள்? கல்யாணம் எத்தனை வயதில், அவருடைய அம்மாவுக்கு எத்தனை வயதில்? மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டி ஒட்டிப் பார்வை மங்கியவர்கள் உண்டு. அதையும் மகள் எழுதட்டும்.

பழைய சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தாள், சீருடையில் எடுத்த போட்டோ ஏதாவது பிஸ்கட் டின்னில் கிடக்கும், தேடுங்கள். கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

தேவை வந்தால் எல்லாருக்கும் வழி பிறந்துவிடும் என்று மட்டும் எழுத வேண்டாம். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் ஏராளமானோர் அதனால் பிழைப்பை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். வீட்டில் யாருக்குக் குடிமக்களின் நீல அட்டை, யாருக்குச் சிவப்பு, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீடு எப்போது காலியானது என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். அழுகை வரலாம். அப்போது பேனாவை வைத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காரட்டும். மீதியை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.