குடிக்காதவளுக்குப் பப்பில் என்ன வேலை?

கேள்வி: நான் மயிலாடுதுறைப் பக்கத்தைச் சேர்ந்தவள், வயது 27. அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை வந்தால் என் வார்டில் இருப்பவர்கள் கால்பந்து ஆட்டத்துக்கோ, இசை கேட்கப் பப்புக்கோ கிளம்புகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். நான் மது அருந்துவதில்லை, அருந்தப் போவதும் இல்லை. மூன்று முறை 'டியூட்டி இருக்கிறது' என்று பொய் சொல்லித் தப்பித்தேன். நான்காவது முறை அவர்கள் அழைக்கவே இல்லை. அது ஏனோ வலித்தது. அம்மாவிடம் பேச்செடுத்தபோது, 'சாராயக் கடைக்குப் போகவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன்?' என்று அழுதுவிட்டார். சிறு வயதில் எட்டு ஆண்டுகள் வயலின் கற்றவள் நான். அந்த இசையையாவது கேட்க ஆசையாக இருக்கிறது. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கார்க்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தாராளமாகப் போகலாம். நான்காவது முறை அவர்கள் அழைக்காததில் பகை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று முறை மறுத்தவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். ஆகவே இந்த முறை நீங்களே 'வெள்ளிக்கிழமை எங்கே போகிறீர்கள், நானும் வரட்டுமா?' என்று கேட்டுவிடுங்கள். அதே மூச்சில், நீங்கள் குடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். காரணம் சொல்லத் தொடங்கினால், அதற்கு மறுப்புச் சொல்ல ஒருவர் கிளம்புவார். கார்க்கில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, அத்தனை ஆண்டும் சோடாவிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒரு வாக்கியமே போதும்.

அது அந்த ஊருக்குப் புதிய வாக்கியமும் இல்லை. நகரின் நடுவே பேட்ரிக் தெருவில் ஒரு துறவியின் சிலை நிற்பதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அவர் தியோபால்ட் மேத்யூ, கப்புச்சின் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த பாதிரியார். 1838ஆம் ஆண்டு கார்க்கிலிருந்துதான் அவர் முழு மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார், அது அயர்லாந்து முழுவதும் காட்டுத்தீயாகப் பரவியது. 1864இல் அந்தச் சிலையை நிறுவிய ஊர், ஸ்டவுட் என்னும் கருநிற பியர் காய்ச்சுவதற்கும் பெயர்போன ஊராகவே இன்றுவரை இருக்கிறது என்பது வேறு கதை. பிறகு 1898இல் டப்ளினில் தொடங்கிய 'பயனியர்' சங்கத்தின் உறுப்பினர்கள், தாங்கள் மது தொடாதவர்கள் என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் ஒரு சிறு ஊசிப் பதக்கம் அணிவார்கள். உங்கள் வார்டில் வயதான நோயாளி எவரையாவது கேட்டுப் பாருங்கள். அந்தப் பதக்கம் அணிந்த அத்தையோ மாமாவோ அவர் வீட்டிலும் இருந்திருக்கக் கூடும்.

அம்மாவின் அழுகைக்குக் காரணம், அவர் மனத்தில் இருக்கும் கடையின் படம். டாஸ்மாக் வாசலையும் அதை ஒட்டிய இருட்டு பாரையும் பார்த்தவருக்கு, பெண்கள் குடும்பத்தோடு போய் உட்காரும் மதுக்கடை என்பது நம்ப முடியாத பேச்சு. பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொதுவீடு என்று அதைத் தமிழாக்கினால் அம்மாவுக்கு ஓரளவு புரியலாம். ஞானஸ்நான விருந்தும் துக்க வீட்டுச் சாப்பாடும் அங்கே நடக்கும், மாலையில் பெற்றோரோடு வரும் குழந்தை சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கேட்டால் தேநீரும் கிடைக்கும். 2004 மார்ச் 29 முதல் உள்ளே புகைபிடிக்க நாடு முழுவதும் தடை இருப்பதால் புகை மண்டலமும் கிடையாது. பெண்களுக்கு அங்கே எப்போதும் இந்தச் சம இடம் இருந்துவிடவில்லை. பழைய பப்புகளின் ஓரத்தில் 'ஸ்னக்' என்று ஒரு தடுப்பறையைக் காண்பீர்கள், ஒரு காலத்தில் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்த இடம் அதுதான். இன்று அந்த மூலையைப் பிடிப்பதற்குத்தான் போட்டி.

இதையெல்லாம் சொல்வதால் குடியின் கேட்டை நான் மறைப்பதாக எண்ண வேண்டாம். வெள்ளி இரவில் அவசரப் பிரிவுக்கு யார் யார் எந்த நிலையில் வருகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்குள் கிளம்பிவிடுவது என்று நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பேச்சு இனிமையாக இருப்பதும் பெரும்பாலும் அதுவரைதான். திரும்பும்போது தனியே நடக்காமல், துணையோடோ டாக்சியிலோ போங்கள்.

இனி, புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம்: ரவுண்டு. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. ஒருவர் எழுந்து போய் ஐவருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். நம் அலுவலக வாசலில் ஒருவர் எல்லோருக்கும் டீ சொல்வது போன்றதுதான், ஆனால் கணக்கு மனத்துக்குள் மிகக் கறாராக ஓடிக்கொண்டிருக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த சோடா குடிப்பவர் நான்கு பைண்ட் பியருக்குப் பணம் கொடுப்பது நியாயமா என்று கேட்டால், கணக்குப்படி நியாயம் இல்லைதான். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. தொடக்கத்திலேயே 'நான் ரவுண்டில் இல்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அல்லது முதல் நாளில் ஒரே ஒரு ரவுண்டை நீங்களே வாங்கிவிட்டு, அதன்பின் விலகிக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். ஏழு மாதம் பழகியவர்களுக்கு ஒரு முறை செலவழிப்பதில் தவறில்லை, அந்த மாலை நெடுநாள் நினைவில் நிற்கும். இரண்டு வழியையும் விட்டுவிட்டு, மற்றவர்கள் வாங்கித் தரும் சோடாவை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் அந்த ஊர் மன்னிக்காது.

ரவுண்டு வாங்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். கவுன்ட்டரில் வரிசை இருக்காது, ஆனால் யார் யாருக்குப் பின் வந்தார்கள் என்பது பார்மேனுக்குத் தெரியும். பணத்தை ஆட்டியோ விரலைச் சொடுக்கியோ கூப்பிட வேண்டாம், அவர் கண்ணைப் பார்த்தால் போதும். ஸ்டவுட் கேட்டவர்கள் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அவர் கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பிவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். உள்ளே பழுப்பு நுரை கீழ்நோக்கி வழிவதுபோலத் தோன்றி, மெல்ல மெல்லக் கருமையும் வெண்மையுமாகப் பிரிந்து நிற்கும். அதன் பிறகே மேற்பகுதியை நிரப்புவார். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பிடிக்கும் இந்த வேலையின் நடுவே குவளையை எடுக்கக் கை நீட்டினால், புதியவர் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். கின்னஸ் என்னும் ஸ்டவுட் டப்ளின்காரர்களின் சரக்கு என்று நினைக்கும் கார்க்வாசிகள் பலர் உண்டு. அவர்கள் உள்ளூர்ப் பெயர்களான மர்ஃபீஸ், பீமிஷ் இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள், மாற்றி வாங்கி வந்துவிடாதீர்கள்.

வயலின் கற்றவர் என்பதால், இசை கேட்க முதலில் கோபர்க் தெருவில் இருக்கும் 'ஷின் ஏ' பப்புக்கோ, தெற்கு மெயின் தெருவில் பழைய பீமிஷ் ஆலைக்கு எதிரே உள்ள 'அன் ஸ்பால்பீன் ஃபானக்'குக்கோ அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஷின் ஏ என்றால் ஐரிஷ் மொழியில் 'அவ்வளவுதான்' என்று பொருள். பக்கத்திலேயே இறுதிச் சடங்கு நிலையம் இருப்பதால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே நடப்பது கச்சேரி அல்ல, 'செஷன்'. மேடை கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஒரு மூலை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர், சிலர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்து வாசிப்பார்கள். முதல் வாரம் நான் காலியாக இருந்த ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்து, உற்சாகம் தாங்காமல் நம் சபாவில் போல் தொடையில் தாளமும் போட்டேன். எதிரே குழல் வாசித்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் ஒரு தரம் பார்த்தார். அது வாத்தியக்காரர்களுக்கென்று வைத்திருந்த ஸ்டூல் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் வாசிக்கும் மெட்டு ஒவ்வொன்றிலும் எட்டு எட்டு அளவையாக இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. முழு மெட்டையும் இரண்டு மூன்று தடவை வாசித்ததும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குள் குதிப்பார்கள். எப்போது குதிக்கிறார்கள் என்பதை ஒரு கண் அசைவிலோ 'ஹப்' என்ற ஓர் ஒலியிலோதான் கண்டுபிடிக்க வேண்டும். ஜிக் என்னும் நடன மெட்டைக் கேட்டதும் உங்கள் காது தானாகத் திஸ்ர நடையைப் பிடித்துக்கொள்ளும். கார்க், கெர்ரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா என்னும் பகுதி இருக்கிறது; போல்கா, ஸ்லைடு என்னும் துள்ளலான நடன மெட்டுகள் அந்தப் பகுதியின் தனிச்சொத்து, அவற்றை இந்தச் செஷன்களில் நிறையக் கேட்பீர்கள். யாராவது வாத்தியம் இல்லாமல் தனிக்குரலில் பாடத் தொடங்கினால் மட்டும் கூடம் முழுவதும் அடங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் கவுன்ட்டருக்குக் கூடப் போகாதீர்கள். வயலினை முதல் நாளே கொண்டுபோக வேண்டாம். சில வாரங்கள் கேட்டுவிட்டு, அவர்களே 'நீ வாசிப்பாயா?' என்று கேட்கும் நாளுக்குக் காத்திருங்கள். அதற்குள் தந்திகளை ஸ-ப-ஸ-ப சுருதியிலிருந்து ஜி-டி-ஏ-இ-க்கு மாற்றிக்கொண்டு, தரையில் அமராமல் நாற்காலியில் அமர்ந்து வாசிக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

கால்பந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எனக்கு இசை அளவுக்குப் பிடிபடவில்லை. கார்க் சிட்டி அணி 1984இல் உருவானது. டர்னர்ஸ் கிராஸ் மைதானத்தில் 'ஷெட்' என்று அழைக்கப்படும் முனையில் நின்றுகொண்டு பாடுபவர்கள்தான் அதன் உயிர். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வார்டு காலியாவதற்குக் காரணம், அயர்லாந்து லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் அன்று இரவில் நடப்பதே. 1991இல் பேயர்ன் மியூனிக்கை ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்த கதையை அன்று பிறந்திராதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோல் சொல்வார்கள். 2010இல் அணியை நடத்திய நிறுவனம் கலைக்கப்பட்டபோது, 'ஃபோராஸ்' என்ற ரசிகர் அமைப்பு அதை ஏற்று நடத்தியது. 2017இல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ.ஐ. (அயர்லாந்து கால்பந்துச் சங்கம்) கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்றது ரசிகர்களுக்குச் சொந்தமாக இருந்த அந்த அணிதான். அதன்பின் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும் ஏறுவதுமாகவே காலம் போகிறது. ஆகவே ஷெட்டில் நிற்பவரிடம் 'நீங்கள் லிவர்பூலா, மான்செஸ்டரா?' என்று கேட்டுவிடாதீர்கள். உள்ளூர் மைதானத்துப் பக்கம் வராமல் பப் டிவியில் இங்கிலாந்து அணிகளுக்கு ஆரவாரிப்பவர்களை அவர்கள் 'பார்ஸ்டூலர்' என்று ஏளனமாகச் சொல்வார்கள். 2002 உலகக் கோப்பைக்கு முன் அயர்லாந்து அணித்தலைவர் ராய் கீன் பயிற்சியாளரோடு சண்டையிட்டு, அணி பயிற்சிக்காகத் தங்கியிருந்த சைப்பான் தீவிலிருந்து வீடு திரும்பியது சரியா தவறா என்ற பேச்சு எழுந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம். அவர் கார்க்கின் பிள்ளை.

அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். வார்டில் சொன்ன மூன்று பொய்களே போதும். நீங்கள் வயலின் கற்றவர் என்பதால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் சிலவற்றையாவது வாசித்திருப்பீர்கள். மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் அவர் சாகித்தியம் அமைத்தார். அவற்றில் 'வந்தே மீனாட்சி'யின் மெட்டு, 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் மெட்டு. மாலோ என்பது கார்க் மாவட்டத்து ஊர்தான்; டப்ளின் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அந்த ஊரில் குடித்துக் கும்மாளமிட்ட இளைஞர்களைப் பற்றிய பாட்டு அது. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து முதலில் 'வந்தே மீனாட்சி'யை வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்டு முடித்த பிறகு, அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை நீங்கள் போகப்போகும் இடத்தின் பெயரையும் சொல்லுங்கள்.