பூவை வரையுமுன் உரையைப் படியுங்கள்

கேள்வி: கவின்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து காட்சிக்கு வைப்பது என் திட்டம். ஓவியங்களுடன் ஓர் ஆய்வேட்டையும் அளிக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் படங்களை முடித்துவிட்டு, பிறகு ஆய்வேட்டை எழுதலாம் என்றிருக்கிறேன். இந்த வரிசை சரிதானா?
– மாணவி, கும்பகோணம்

பதில்: சரியன்று. இந்த வரிசையில் போனால், தவறான பூவை மிக அழகாக வரைந்து முடித்த பிறகுதான் அது தவறு என்று உங்களுக்குத் தெரியவரும். பட்டியலில் ‘தாழை’ வருகிறது. தாழம்பூவை வரையத்தான் யாருக்கும் கை போகும். ஆனால் சில அடிகள் தள்ளி ‘கைதை’யும் வருகிறது, அதுவும் தாழம்பூவின் பெயர்தான். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தாழைக்குத் தெங்கின் பாளை என்று பொருள் கொண்டு, கைதையைத் தாழம்பூவாகக் கொள்கிறார். நீங்கள் அவரை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் உங்கள் தாளில் தென்னம்பாளை வருமா, தாழம்பூ வருமா என்பதை அந்த முடிவே தீர்மானிக்கிறது. நெய்தலும் அப்படித்தான், ‘நீள்நறு நெய்தல்’ என்று ஒருமுறையும் ‘மணிக்குலைக் கள்கமழ் நெய்தல்’ என்று மறுமுறையும் இடம்பெறுகிறது. ஒரே பெயருக்கு இரண்டு படம் வரைவீர்களா, ஒரு படம் போதும் என்பீர்களா? இதற்கு விடை சொல்லாமல் 99 என்ற எண்ணிக்கையையே உங்களால் நிறுவ முடியாது.

ஆய்வு உங்கள் தூரிகையைக் கட்டிப்போடும் என்று அஞ்சவேண்டாம். கபிலர் பல பூக்களை வெறும் பெயராக விட்டுவிடாமல் அடைமொழியுடன் சொல்கிறார்: முள்தாள் தாமரை, தூங்கிணர்க் கொன்றை, கல்லிவர் முல்லை, மணிப்பூங் கருவிளை. இவை ஓவியருக்கென்றே எழுதிவைத்த குறிப்புகள் போலிருக்கின்றன. தாமரையின் இதழ்களை மட்டும் வரைந்தால் ‘முள்தாள்’ விடுபட்டுப்போகும். தண்டும் அதன் முள்ளும் தெரிய வேண்டும். முல்லையைத் தொட்டியில் வைக்க முடியாது, அது கல்லின்மேல் படர்ந்தாக வேண்டும். கொன்றையின் பூங்கொத்து தொங்குவதற்கு ஏற்ப உங்கள் தாளே நெட்டுவாக்கில் அமைய வேண்டியிருக்கும். அடைமொழி இல்லாத இடங்களில் பிற சங்கப் பாடல்களைத் தேடுங்கள். இப்பட்டியலில் குறிஞ்சிக்கு அடைமொழி இல்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாடலோ அதைக் ‘கருங்கோல் குறிஞ்சி’ என்று தண்டின் நிறத்தோடு காட்டுகிறது.

பட்டியலின் முதற்பூவான ‘ஒண்செங் காந்தள்’ இன்னும் சுவையானது. காந்தளின் ஆறு இதழ்களும் விரியும்போது பசுமையும் மஞ்சளுமாக இருந்து, நாள் ஏற ஏறச் சிவக்கின்றன. ஆகவே ‘செம்’ என்ற சொல்லே எந்தப் பருவத்துப் பூவை வரைய வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. சிவந்த பூவை நடுவில் பெரிதாகவும், முந்தைய பருவங்களைத் தாளின் ஓரத்தில் சிறிதாகவும் வரைந்து, அடியில் இரண்டு வரி எழுதினால், ஆய்வேட்டின் ஒரு பத்தி அந்தத் தாளிலேயே நிறைவேறிவிடும்.

காந்தளையும் ஆம்பலையும் அடுத்து வருவது அனிச்சம். ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்ற குறளால் அதன் மென்மையை எல்லோரும் அறிவோம். அது எந்தச் செடி என்பதில்தான் இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை. இங்கே ஒரு பூவைக் கற்பனையாக வரைந்து, உறுதியாகத் தெரிந்த காந்தளுக்குக் கொடுத்த அதே அழுத்தமான கோட்டையும் முழு வண்ணத்தையும் அதற்கும் கொடுத்தால், பார்ப்பவரை ஏமாற்றுகிறீர்கள் என்றுதான் சொல்வேன். உறுதியானவற்றுக்கு வண்ணம், ஐயமுள்ளவற்றுக்குப் பென்சில் கோடு என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டு, அதைக் காட்சியின் நுழைவிலேயே எழுதிவையுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கும் மலைச்சாரலில் பறித்து, மழை கழுவிய அகன்ற பாறையில் குவித்த பூக்கள் இவை. அவற்றினிடையே கடற்கரை மணலில் படரும் அடும்பும், உப்பங்கழியில் வளரும் தில்லையும் இருக்கின்றன. எனவே, ‘சங்ககால மலைத் தாவரங்களின் பதிவு’ என்று உங்கள் காட்சிக்குத் தலைப்பு வைத்தால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார். கவிஞர் தம் சொல்வளத்தால் கட்டிய மலர்க்குவியல் என்று கொள்வதே பாட்டுக்கும் பொருந்தும், உங்களுக்கும் பாதுகாப்பு.

99 வேண்டாம் என்பது என் கருத்து. 15 பூக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பாடலடி, உரை, பிற பாடல்கள், செடியின் இன்றைய பெயர், நேரில் பார்த்த இடமும் நாளும் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிய பின் வண்ணத்தைத் தொடுங்கள்.

கேள்வி: செடியை நேரில் பார்க்க முடியாதபோது இணையத்தில் கிடைக்கும் ஒளிப்படத்தைப் பார்த்து வரைவது குற்றமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குற்றமில்லை, ஆனால் போதாது. ஒளிப்படம் ஒரு கோணத்தைத்தான் காட்டும். இலை தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது, மகரந்தத்தாள் எத்தனை என்பவை பெரும்பாலும் அதில் மறைந்துவிடும். 2018இல் மூணாறு மலைகளில் பூத்த நீலக்குறிஞ்சி அங்கே மறுபடி பூக்க 12 ஆண்டுகள் ஆகும் என்பதால், அதற்காகப் பட்டப்படிப்பைத் தள்ளிப்போட முடியாது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிறார்கள். துறைத்தலைவரின் கடிதத்துடன் முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். உலர்ந்த செடியில் வடிவமும் அளவும் கிடைக்கும், நிறம் வெளிறியிருக்கும். நிறத்துக்கு மட்டும் ஒளிப்படத்தை நாடி, அதை எடுத்தவரிடம் இசைவு பெற்று, அவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தமிழ் முதுகலை படிக்கும் நண்பர் ஆய்வுக் குறிப்புகளைத் தருகிறார், நான் வரைகிறேன். காட்சியில் யார் பெயரை எங்கே போடுவது?
– மாணவர், சென்னை

பதில்: இதற்குச் சென்னையிலேயே பழைய முன்மாதிரி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்களைத் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றை வரைந்த தென்னிந்திய ஓவியர்கள் ரங்கையாவின் பெயரும் கோவிந்துவின் பெயரும் படங்களின் அடியில் அச்சிடப்பட்டன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். அக்காலத்தில் கம்பெனிக்காக வரைந்த இந்திய ஓவியர் பலரின் பெயர்கூட நமக்குக் கிடைக்காத நிலையில் இது பெரிய விதிவிலக்கு. நீங்களும் ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘ஆய்வு’, ‘ஓவியம்’ என்று இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். மதிப்பெண் உங்களுக்கு மட்டும் என்பதால், நண்பரின் பங்கு எது என்பதை ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதித் துறையிடம் முன்னரே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.